அடைப்பு அடுப்படியில் இல்லை!

சத்துணவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதிகாரிகளின் வாயிலிருந்து ஒரே பல்லவிதான் வருகிறது. சோறு தாமதமானால் சமையல்காரி சோம்பேறி. குழம்பு நீர்த்துப் போனால் அமைப்பாளர் திருடி. முட்டை குறைந்தால் ஆயா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்! உடனே ஒரு மெமோ, விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதற்கும் மிஞ்சினால் சஸ்பென்ஷன். அத்துடன் கோப்பு மூடப்படுகிறது. மறுநாளும் சோறு தாமதமாகவே வருகிறது.

இது என்ன விந்தை? ஆளை மாற்றினார்கள், அதட்டினார்கள், தண்டித்தார்கள். சோறு மட்டும் ஏன் நேரத்துக்கு வரவில்லை?

ஒரு விவசாயியைக் கேளுங்கள், பதில் சொல்வார். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், அங்கே மண்வெட்டியுடன் நிற்கிறவனை யாரும் அடிக்கப் போவதில்லை. கரையோடு மேலே நடந்து போய், வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மதகு திறக்கவில்லை என்று பார்ப்பார்கள். சத்துணவும் ஒரு வாய்க்கால்தான். குழந்தையின் தட்டுதான் அதன் கடைமடை. அந்தத் தட்டிலிருந்து மேல்நோக்கி நடந்து, எங்கெங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

தருமச் சோறு அல்ல

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சென்னை நகரசபை 1920-ல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-ல் காமராஜர் ஆட்சிக் காலத்தில், ஊர் மக்களின் உதவியையும் சேர்த்துக்கொண்டு, பள்ளி மதிய உணவுத் திட்டம் ராஜ்யம் தழுவியதாக ஆயிற்று. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. இந்த வரலாறு பெருமைக்குரியது என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் இது யாருடைய கருணையும் அல்ல. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஆண்டில் 200 நாட்களுக்குக் குறையாமல், 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவை ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கும் கொடுத்தாக வேண்டும் என்றது. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான உரிமையாக்கியது. உரிமை என்றால், சோறு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஒரு சட்டம் மீறப்படுகிறது என்று பொருள். அதற்கு யார் பொறுப்பு என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

அடுப்பில் வாய் இரண்டு; ஏற வேண்டியது நான்கு

சமீபத்தில் ஒரு கிராமத்து மையத்தில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மெமோ அந்தப் பெண்ணுக்குத்தான் போகும்.

குழந்தைகள் 70 பேர். தலைக்கு 100 கிராம் வீதம் 7 கிலோ அரிசி. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேர் இருக்க வேண்டிய மையம் அது. உதவியாளர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அமைப்பாளருக்கு மூன்று மைல் தள்ளி இன்னொரு மையமும் பொறுப்பு. அன்று அவர் அங்கே போய்விட்டார். ஆக, இருந்தது சமையலர் ஒருவரே. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள்.

காலை ஒன்பது மணிக்குச் சமையலறை அவர் கைக்கு வந்தது. அதுவரை காலை உணவு சமைத்த சுய உதவிக் குழுப் பெண்கள் பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தனர். குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்ததில் அரை மணி நேரம் போயிற்று. அன்று சாம்பார் சாதமும் மசாலா முட்டையும். அடுப்புக்கு இரண்டு வாய். ஏற வேண்டியவையோ சோறு, சாம்பார், முட்டை, மசாலா என்று நான்கு. சோற்று அண்டா இறங்கிய பிறகுதான் முட்டைக்கு அடுப்பில் இடம் கிடைத்தது. அப்போது மணி 11.15. வெந்து இறங்கும்போது 11.40. ஒரு முட்டையை உரிக்க அரை நிமிஷம் என்று வைத்துக் கொண்டாலும் 70 முட்டைக்கு 35 நிமிஷம். ஆறவைத்து உரித்து முடித்தபோது 12.20. மசாலாவில் புரட்டி இறக்கி, குழந்தைகளைப் பந்தியில் உட்கார வைத்தபோது மணி 12.50.

சாப்பாட்டு மணி அடித்தது 12.30-க்கு. இருபது நிமிஷம் தாமதம். முதல் வகுப்புப் பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம். சோறு மணிக்கு முன்பே தயார். மூன்றாவது ஒரு அடுப்பு இருந்திருந்தால் முட்டை பத்தரை மணிக்கே வெந்திருக்கும். சோறு மணிக்குத் தயார். உரிக்க இன்னொரு ஜோடிக் கை இருந்திருந்தால் தாமதம் இரண்டு மூன்று நிமிஷமாகச் சுருங்கியிருக்கும். மூன்றில் எதையும் செய்யாமல், அந்த அம்மாளை 'இன்னும் வேகமாகச் செய்' என்று அதட்டினால் முட்டை வேகமாக வேகுமா?

இன்னொன்றையும் பார்த்தோம். பதிவேட்டில் உணவு வழங்கிய நேரம் 12.30 என்றே எழுதப்பட்டது. ஏன் என்று கேட்டோம்.

"அம்பதுன்னு எழுதினா எனக்குத்தானே மெமோ வரும், அண்ணே?" என்றார் அவர்.

அதிகார வர்க்கத்தின் கண்ணுக்கு அடைப்பு ஏன் தெரிவதில்லை என்பதன் ரகசியம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. உண்மையை எழுதுகிறவருக்குத் தண்டனை என்றால், உண்மை மேலே போகாது. காகிதத்தில் வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிறது. வயல் மட்டும் காய்கிறது!

முதலில் கைக்காசு, பிறகு சர்க்கார் காசு

தட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே நடப்போம். அரிசி, பருப்பு, எண்ணெய் கிடங்கிலிருந்து வருகின்றன. முட்டை கண்ட்ராக்டர் மூலம் வருகிறது. காய்கறியும் மளிகைச் சாமான்களும் அமைப்பாளர் வாங்க வேண்டியவை. இதற்கான பணம் எப்போது வருகிறது? நாம் விசாரித்த மையங்களில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: செலவழித்த பிறகு. அதுவும் சில சமயம் மாதக் கணக்கில் கழித்து.

அதுவரை? ஊர்க் கடையில் கடன். கடன் என்றால் கடைக்காரர் சொன்ன விலை. கடைக்காரரும் கையை விரித்துவிட்டால் அமைப்பாளரின் கைக்காசு. காதில் கிடக்கும் தோடு. லட்சோப லட்சம் குழந்தைகளுக்குச் சோறு போடும் ராஜ்யம், ஒரு ஏழைப் பெண்ணிடம் வட்டியில்லாக் கடன் வாங்கிக் காய்கறி வாங்குகிறது என்றால் மிகையாகுமா? மூட்டையில் எடை குறைந்தாலும் அதே கதைதான். எடை போடாமல் இறக்கிவிட்டுப் போகிறார்கள். குறைந்த அரிசிக்கு ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அமைப்பாளர்.

தொகைதான் எவ்வளவு? அரிசி நீங்கலாகப் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் சேர்த்து, தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு மத்திய சர்க்கார் விதித்த கணக்கு 2022 அக்டோபரில் 5 ரூபாய் 45 காசு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியது. இந்த 5 ரூபாய் 45 காசு ஒரு காசு கூட ஏறவில்லை. 2024 டிசம்பரில்தான் அது 6 ரூபாய் 19 காசாயிற்று. 2025 மே மாதத்தில் 6 ரூபாய் 78 காசாயிற்று. டீக்கடையில் ஒரு டீயின் விலை இதைவிட அதிகம். தமிழக சர்க்கார் முட்டைக்குத் தன் பணத்தைச் செலவிடுகிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தக்காளிக்கு மாதா மாதம் விலை மாறும்போது குழந்தையின் பங்குக்கு மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரே விலை என்பது எந்த ஊர் நியாயம்?

குழம்பு ஏன் நீர்க்கிறது என்பதற்கு இனி விசாரணைக் கமிஷன் தேவையில்லை.

காலி நாற்காலிக்குச் சம்பளம் மிச்சம்

மத்திய சர்க்காரின் விதியே சொல்கிறது: 25 குழந்தைகள் வரை சமைக்க ஒருவர், 100 வரை இருவர், அதன்பின் ஒவ்வொரு நூறுக்கும் ஒருவர். நாம் பார்த்த மையத்தில் 70 குழந்தைக்கு ஒருவர். ராஜ்யத்தில் சுமார் 43,000 மையங்கள் உண்டு. பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடந்தன. சங்கங்கள் மறியல் செய்தன, சிறை சென்றன. கடைசியில் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க உத்தரவு வந்தது. சம்பளம்? முதல் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம்!

2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழகத்துக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். ஆக, ஒரு மாதம் முழுக்க அடுப்படியில் வெந்து நிற்பதற்கு, வரப்பு வெட்டும் ஒன்பது நாள் கூலி கூடக் கிடையாது. மத்திய சர்க்காரின் கதை இன்னும் மோசம். சமைப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 10 மாதத்துக்கு மட்டும் என்று 2009-ல் விதித்தார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேலாயிற்று. அந்த விதி நகரவில்லை. இவர்களைத் தொழிலாளி என்று அழைக்கக் கூட மனமில்லை. 'கௌரவ ஊதியம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கௌரவம் சர்க்காருக்கு, பட்டினி சமையல்காரிக்கு!

1982-ல் இந்த வேலைக்கு விதவைகளையும் கைவிடப்பட்ட பெண்களையும் தேடி எடுத்தார்கள். நாதியற்றவர்கள், வாய் திறக்க மாட்டார்கள் என்று அதிகார வர்க்கம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் பொய்யாக்கி அவர்கள் சங்கம் கண்டார்கள். சங்கம் இல்லாதிருந்தால் இன்று கிடைக்கும் சொற்பமும் கிடைத்திராது.

அடுப்படியின் சொல் அம்பலம் ஏறட்டும்

சமையல்காரியின் சொல்லைக் கேளாமல் போனால் என்ன ஆகும்? 2013 ஜூலை 16-ந் தேதி பீகாரில் சரண் ஜில்லாவின் ஒரு கிராமப் பள்ளியில், பூச்சி மருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டார்கள். எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொன்னதாகவும், அந்தச் சொல் எடுபடவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. அதற்குச் சரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16-ல், கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கட்டில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளை விழுங்கியது. அடுப்படி எப்படி இருக்கிறது என்பது சில்லறை விஷயம் என்று இனியும் யாராவது சொல்வார்களா?

ஜாதியும் ஓர் அடைப்புதான். 2018-ல் திருப்பூர் ஜில்லாவில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க ஜாதியினர் சிலர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தடுத்தவர்களை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்கு மாற்றல் உத்தரவு கொடுத்தார்கள்! ஜனநாயக சக்திகள் கிளம்பிப் போராடிய பிறகே அது ரத்தாயிற்று. கரண்டி பிடிக்கும் கையைப் பார்த்து ஜாதி கேட்கிற ஊரில், எத்தனை அடுப்பு வைத்தாலும் சமபந்தி நடக்காது.

தூரத்துச் சமையல் மருந்தாகுமா?

இத்தனைக்கும் சில மேதாவிகள் ஒரு சர்வரோக நிவாரணி வைத்திருக்கிறார்கள். மையங்களை மூடிவிடலாம், நகரத்தில் பெரிய யந்திரச் சமையற்கூடம் ஒன்றைத் தனியாரிடமோ தரும ஸ்தாபனத்திடமோ ஒப்படைக்கலாம், வேனில் சோறு வந்துவிடும் என்கிறார்கள்.

வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்றால் தூர் வாருவதா, வாய்க்காலை இன்னும் பத்து மைல் நீட்டுவதா? பகல் பன்னிரண்டரைக்கு உண்ணும் சோற்றை அதிகாலையில் வடிக்க வேண்டும். வேன் கிளம்பி, நெரிசலில் நின்று, ஒவ்வொரு பள்ளியாக இறக்கி, கடைசிப் பள்ளிக்குப் போகும்போது சோறு ஆறி விறைத்திருக்கும். உள்ளூரில் ஒரு அடுப்பு அணைந்தால் 70 குழந்தைக்குத் தாமதம். பெரிய கூடத்தில் ஒரு பாய்லர் பழுதானால் பல்லாயிரம் குழந்தைக்குப் பட்டினி. சோறு கெட்டுப்போனால் கேட்க, தெருவில் தெரிந்த முகம் இருக்காது. முட்டை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குழந்தையின் உடம்பு தீர்மானிக்காது. சமைக்கும் ஸ்தாபனத்தின் ஆசாரம் தீர்மானிக்கும். ஆயிரக் கணக்கான ஏழைப் பெண்களின் வேலையும் போகும். லாபம் யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

மையங்களில் திருட்டே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. வராத பிள்ளையை வந்ததாக எழுதி அரிசியைக் கடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்தச் சங்கமும் பரிந்து பேசக் கூடாது. ஏழைக் குழந்தையின் தட்டில் கை வைக்கிறவர் தொழிலாளி வர்க்கத்தின் நண்பர் அல்ல. அதே சமயம், கைக்காசு போட்டுக் காய்கறி வாங்குகிறவரையும் மூட்டையை விற்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்தும் அநீதியையும் நாம் ஏற்க மாட்டோம்.

நம்மிடமும் குறை உண்டு. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போராடிய நாம், சமையலறைக்குள் போய் உட்கார்ந்து எத்தனை அடுப்பு, எத்தனை குடம், எத்தனை நிமிஷம் என்று எண்ணிப் பார்த்தது குறைவு. ஊழியரின் கோரிக்கையும் குழந்தையின் கோரிக்கையும் ஒன்றுதான் என்பதைப் பெற்றோருக்குப் புரிய வைத்ததும் குறைவு. அதனால்தான் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது, 'குழந்தைகளைப் பட்டினி போடுகிறார்கள்' என்று சர்க்கார் கிளப்பும் பிரசாரம் சில ஊர்களில் எடுபடுகிறது.

செய்ய வேண்டியது என்ன?

சர்க்காரிடம் நாம் கேட்பது ஆகாயத்துப் பூ அல்ல. உணவுச் செலவுத் தொகையை மாதத் துவக்கத்திலேயே முன்பணமாகக் கொடு. காய்கறித் தொகையைச் சந்தை விலையோடு பிணைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்து. அரிசி மூட்டையை மையத்தின் வாசலில் எடை போட்டு இறக்கு. ஒவ்வொரு சமையலறைக்கும் குழாய்த் தண்ணீரும் மூன்றாவது அடுப்பும் கொடு. காலியிடங்களை முழுச் சம்பளத்துடன் நிரப்பு. காலை உணவையும் மதிய உணவையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, சத்துணவு ஊழியரைக் காலமுறைச் சம்பளம் பெறும் தொழிலாளியாக அங்கீகரி. தாமதத்தை உள்ளபடி எழுதும் ஊழியருக்கு மெமோ கொடுக்காதே. தாமதத்தின் காரணத்துக்கு மெமோ கொடு.

கிளைத் தோழர்களுக்கும் மாதர், வாலிபர் ஸ்தாபனங்களுக்கும் ஒரு யோசனை. உங்கள் ஊர்ச் சத்துணவு மையத்துக்கு ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் போங்கள். அதிகாரம் செய்யப் போக வேண்டாம்; முட்டை உரிக்க ஒரு கை கொடுக்கப் போங்கள். தண்ணீர் எப்போது வந்தது, சோறு எப்போது இறங்கியது, கடைக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். ஊழியரின் பெயரை எழுதாதீர்கள். அந்தக் கணக்கை அடுத்த கிராம சபையில் பெற்றோர் முன் உரக்கப் படியுங்கள்; தீர்மானமாக நிறைவேற்றி ஜில்லா கலெக்டருக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் ஏறாத உண்மை மகஜரில் ஏறட்டும்.

நாம் அந்த மையத்திலிருந்து கிளம்பும்போது பிற்பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. எழுபது தட்டும் காலியாகக் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. சமையலர் அம்மாள் அப்போதுதான் அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக் கொண்டிருந்தார். முட்டை அவருக்கு இல்லை, கணக்கில் எழுபதுதான்.

அவருடைய சோம்பலால் சோறு தாமதமாகிறது என்று சொல்கிற எந்த அதிகாரியும் ஒரே ஒரு நாள் வரட்டும். காலை ஒன்பது மணிக்கு, அந்தக் குடத்தைக் கையில் எடுத்துக் கொள்ளட்டும்.